தேயிலைச் சாயத்தில் ஒரு திருவிருந்து

தோட்டத்துச் சனங்களுக்குத் தேவபயம் போதவில்லை என்று மேலிடத்தில் யாரோ முடிவு செய்திருந்தார்கள். அதைப் புகட்டுவதற்காகத்தான் என் கணவரைத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இலங்கைக்கு அனுப்பினார்கள். அவர் உபதேசியார். நான் அவரோடு சேர்த்து அனுப்பப்பட்ட இன்னொரு சாமான். கொடகவெலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் தகரக் கூரை போட்ட வீடு ஒன்றும், கூப்பிடு தூரத்தில் தகரக் கூரை போட்ட கோயில் ஒன்றும் எங்களுக்குக் கிடைத்தன. மழை பிடித்துக்கொண்டால் இரண்டிலும் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. என் கணவரின் பிரசங்கத்தைப் பொறுத்தவரை அது ஒரு வசதி என்றே நான் நினைத்தேன்.

தோட்டத்தில் பெரும்பாலோர் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். ஒரு கங்காணியும் அவர் ஊரிலிருந்து கூட்டிவந்த ஆட்களும் மட்டும் கிறிஸ்தவர்கள். அந்தக் கங்காணிதான் சபைக்கு மூப்பர். அவருக்குக் கோபம் வந்தால் அத்தனை பேரும் அடுத்த ஞாயிறு கோயில் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார்கள் என்பது என் கணவருக்கு நன்றாகத் தெரியும். ஆகையால் மூப்பர் தும்மினால்கூட என் கணவர் எழுந்து நிற்பார்.

பயத்துக்கு அந்தத் தோட்டத்தில் என்ன பஞ்சம்? துரை குதிரையில் வருகிற சத்தம் கேட்டால் போதும், கொட்டுகிற மழையிலும் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ரோட்டோரத்து வாய்க்காலான காணுக்குள் இறங்கி நிற்பார்கள். முழங்கால் வரை தண்ணீர் ஓடும். துரை போய் வளைவு திரும்பிய பிறகுதான் மேலே ஏறுவார்கள். கங்காணிக்குப் பயம், கணக்கப்பிள்ளைக்குப் பயம், துரை வீட்டு நாய்க்குப் பயம். இந்தச் சனங்களுக்கு இன்னும் கொஞ்சம் பயம் வேண்டும் என்று ஒருவர் கப்பலேறி வந்திருக்கிறாரே என்று எனக்குச் சிரிப்பாக வரும்.

என் கணவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கு யோசனை வந்தது. "துரைக்கு முன்னால எப்படி நிக்கிறீங்க? மூச்சு விடுற சத்தம் கேக்குதா? அதே மாதிரிதான் தேவனுக்கு முன்னாலயும் நிக்கணும்" என்று பிரசங்கித்தார். அதைச் சட்டமாகவும் ஆக்கினார். தலைப்பாகையைக் கோயிலுக்கு வெளியே இருக்கிற காணுக்கு அப்பாலேயே அவிழ்த்துவிட வேண்டும். சுவரில் சாயக் கூடாது. இருமக் கூடாது. பிள்ளை அழுதால் தாய் வெளியே போய்விட வேண்டும். கடைசியில், பலிபீடத்துக்குப் பக்கத்தில் துரைக்கென்று கைவைத்த நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். துரை வருஷத்துக்கு ஒரு தடவை வந்தாலே அதிகம். ஆனால் நாற்காலி மட்டும் எல்லா ஞாயிறும் அங்கே இருந்தது. சனங்கள் அதைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

"பாத்தியா, எவ்வளவு அடக்கம்" என்றார் என்னிடம்.

"நாற்காலிக்குத்தானே அடங்குறாங்க. சாமிக்கும் ஒண்ணு போட்டிருக்கலாமே" என்றேன்.

அன்றைக்கு அவர் என்னோடு பேசவில்லை. மாசத்துக்கு ஒன்றிரண்டு நாள் அப்படி எனக்கு நிம்மதியாகக் கழியும்.

மூப்பரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நல்ல உயரம், வெள்ளைக் கோட்டு, வெள்ளித் தடி. ஜெபம் பண்ணத் தொடங்கினால் தகரக் கூரை அதிரும். தேவபயம் என்ற வார்த்தை அவர் வாயில் வெற்றிலை மாதிரி எப்போதும் கிடந்தது; வெற்றிலையும் கிடந்தது. கோயிலுக்குள் மென்றுகொண்டே வந்து ஜன்னல் வழியாகத் துப்புவார். தோட்டத்து எல்லையில் ஒரு மரத்தடியில் முனியாண்டி கல் ஒன்று உண்டு. அந்த இடத்தைக் கடக்கும்போது மட்டும் அதே மனிதர் தலைப்பாகையை எடுப்பார், செருப்பைக் கழற்றுவார், வாயில் இருக்கிறதை விழுங்குவார். என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். கேட்டால், அந்த இடத்தில் காற்று சரியில்லை என்பார்.

கோயிலைப் பெருக்கித் துடைக்க ஒரு பெண் இருந்தாள். கொழுந்து பறிக்கிறவள், விதவை, ஒரே ஒரு மகள். சனிக்கிழமை வேலை விட்டதும் மூப்பர் வீட்டுக்குப் போய்ச் சாவியை வாங்கிக்கொண்டு வருவாள். அவள் பெருக்குகிறதை நான் பல நாள் பார்த்திருக்கிறேன். சனங்கள் உட்காருகிற இடத்தை எல்லாரையும் போலத்தான் பெருக்குவாள். பலிபீடத்தண்டை வந்ததும் தென்னை ஈர்க்கு விளக்குமாற்றை வெளியே வைத்துவிட்டு, வேறு ஒன்றுக்கும் தொடாத சின்னத் துடைப்பம் ஒன்றை எடுப்பாள். சேலை முந்தானையை வாயைச் சுற்றிக் கட்டிக்கொள்வாள். முழங்கால் போட்டுக்கொண்டே பெருக்கி, முழங்காலிலேயே பின்னுக்கு வந்துவிடுவாள்.

"வாயை எதுக்குக் கட்டிக்கிற?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"மூச்சு படுமுங்கம்மா" என்றாள். அதற்கு மேல் விளக்கம் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை. என் கணவரின் சட்டத்தில் அப்படி ஒன்றும் கிடையாது. அவரிடம் இதைச் சொன்னேன். அது அஞ்ஞான காலத்துப் பழக்கம், மெல்ல மெல்லப் போய்விடும் என்றார்.

எங்கள் கோயிலுக்குப் போதகர் இரத்தினபுரியிலிருந்து எப்போதாவதுதான் வருவார். பெல்மதுளை வரைக்கும் பஸ், அங்கிருந்து மாட்டுவண்டி. வந்தால்தான் திருவிருந்து, ஞானஸ்நானம், கல்யாணம் எல்லாம். திருவிருந்துக்கான திராட்சரசத்தை ஒவ்வொரு தடவையும் தூக்கிக்கொண்டு வர முடியாது என்று ஒரு போத்தலைக் கோயிலிலேயே ஒரு மரப்பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். கோயில் சாவியும் பெட்டிச் சாவியும் ஒரே வளையத்தில், மூப்பர் வீட்டு ஆணியில் தொங்கின.

அந்த வருஷம் அறுப்பின் பண்டிகைக்குத் துரையும் வந்தார், துரைசாணியும் வந்தாள். பூசணிக்காயும் வாழைத்தாரும் கட்டித் தொங்கவிட்டிருந்த கோயிலில் என் கணவர் இங்குமங்கும் ஓடியதைப் பார்த்தால், கர்த்தரே இறங்கி வந்திருந்தாலும் அவ்வளவு வேர்த்திருக்கமாட்டார் என்று தோன்றியது. துரை திருவிருந்து எடுக்கிறவரல்ல. நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். துரைசாணி பக்தியுள்ளவள். முதலில் அவள் தனியாக முழங்கால் போடுவாள். அவள் எழுந்து போன பிறகு மற்றவர்கள் வருவார்கள்.

எனக்கு ஹார்மோனியம். எல்லாரும் எடுத்து முடித்த பிறகு கடைசியாகத்தான் நான் போவது வழக்கம். ஹார்மோனியம் பலிபீடத்துக்குப் பக்கவாட்டில் இருந்ததால் ஒவ்வொரு முகமும் எனக்கு நேராகத் தெரியும். ஆகவே அன்று நடந்ததை என்னைவிட நன்றாகப் பார்த்தவர்கள் யாருமில்லை.

போதகர் போத்தலைச் சாய்த்துப் பாத்திரத்தில் ஊற்றினார். நிறத்தில் ஒரு குறையும் இல்லை. ஜெபத்தைச் சொன்னார். முதலில் தாம் ஒரு வாய் குடித்தார். குடித்தவர் அப்படியே நின்றார். பாத்திரத்துக்குள் பார்த்தார், போத்தலைப் பார்த்தார். பிறகு எதிரே முழங்கால் போட்டிருந்த துரைசாணியைப் பார்த்தார், பக்கத்தில் நாற்காலியில் இருந்த துரையைப் பார்த்தார். அவர் வாய் ஒரு தடவை திறந்து மூடியது. பிறகு, ஒன்றும் நடக்காதது போல, இரத்தத்தைப் பற்றிய அந்த வார்த்தைகளைச் சொல்லிப் பாத்திரத்தைத் துரைசாணியின் வாயில் வைத்தார்.

துரைசாணியின் புருவம் ஏறியது. அவ்வளவுதான். விருந்துக்குப் போன இடத்தில் சோற்றில் கல் கடிபட்டால் துப்பக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள் போலிருக்கிறது. விழுங்கிவிட்டு எழுந்து போனாள். அடுத்தது என் கணவர். அவர் குடித்ததும் தொண்டை மேலும் கீழும் போனது. கண் போதகரிடம் போனது. போதகரின் கண் கூரைக்குப் போனது. அடுத்தது மூப்பர். கண்களை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக் குடித்தார். அவர் சொன்ன ஆமென் அன்று வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது.

பிறகு ஆண்கள், பிறகு பெண்கள். ஒவ்வொருவராக வந்தார்கள், உதட்டில் பட்டதும் ஒரு கணம் திகைத்தார்கள், துரையின் நாற்காலியை ஓரக்கண்ணால் பார்த்தார்கள், விழுங்கினார்கள். ஏதோ கோளாறு என்று எனக்குத் தெரிந்தது. என்ன கோளாறு என்று தெரியவில்லை. மருந்து ஏதும் கலந்துவிட்டதோ என்று பயந்தேன். வாசிப்பை நிறுத்தலாமா என்று கை தயங்கியது.

பெண்கள் வரிசையில் கடைசியாக எப்போதும் வருகிறவள் கோயில் பெருக்குகிறவள்தான். முழங்கால் போட்டாள். பாத்திரம் உதட்டில் பட்டது. சட்டென்று தலையைப் பின்னுக்கு இழுத்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். போதகர் வார்த்தைகளை முணுமுணுத்துக்கொண்டே பாத்திரத்தை மறுபடி நீட்டினார்.

"ஐயா, இது தேத்தண்ணிங்க" என்றாள்.

அவள் சத்தம் போடவில்லை. ஆனால் என் கணவர் பழக்கிவைத்த அடக்கம் இருக்கிறதே, அதில் ஊசி விழுந்தாலும் கேட்கும். போதகர் பல்லைக் கடித்துக்கொண்டு, "குடி" என்றார்.

"வேணாமுங்கய்யா. இதக் கையில வச்சுக்கிட்டு அந்த வார்த்தையச் சொல்லாதீங்க. பயமா இருக்குதுங்க."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. மேட்டில் கொழுந்து பறித்து, ஆலை ஸ்டோரில் அரைத்து, லயத்து வரிசை வீடுகளில் காலையும் மாலையும் காய்ச்சிக் குடிக்கிற சனங்கள். தேத்தண்ணீர் நாக்கில் பட்டால் தெரியாதவர்கள் அந்தக் கோயிலில் ஒருவர்கூட இல்லை. அத்தனை பேரும் அதைத் தெரிந்தே விழுங்கியிருந்தார்கள். துரைசாணி பேசாமல் குடித்துவிட்டாளே, நமக்கென்ன என்று விழுங்கியிருந்தார்கள்.

துரைக்குத் தோட்டத்துத் தமிழ் தெரியும். "என்ன சொல்லுது அந்தப் பொம்பளை?" என்று கேட்டார். துரைசாணி குனிந்து இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். துரை தொடையில் தட்டிச் சிரித்தார். அந்தக் கோயிலில் அவ்வளவு உரக்க யாரும் சிரித்ததில்லை. "நம்ம ஸ்டோர் தேயிலையா, கடைத் தேயிலையா?" என்று என் கணவரிடம் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் துரைசாணியைக் கூட்டிக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார். இத்தனை பேர் யாருக்குப் பயந்து அதை விழுங்கினார்களோ, அந்த மனிதருக்கு அது ஒரு வேடிக்கை. அத்தோடு அவர் அதை மறந்தும் இருப்பார்.

போதகரால் மறக்க முடியுமா? ஆராதனை முடிந்ததும் விசாரணை வைத்தார். போத்தலில் இருந்ததைக் குடித்துவிட்டு யாரோ தேயிலைச் சாயத்தண்ணியை ஊற்றி வைத்திருக்கிறார்கள், யார்? பூட்டு உடையவில்லை. சாவி மூப்பர் வீட்டில். வாரம் ஒரு தடவை அது கோயில் பெருக்குகிறவள் கைக்கும் போகும். ஆக இரண்டு பேர். ஒருவர் மூப்பர். மற்றவள் பெருக்குகிறவள். இதற்கு மேல் யோசிக்க யாருக்கும் நேரமில்லை.

மூப்பர் தடியை ஊன்றிக்கொண்டு எழுந்தார். "ஐயா, நான் ஒண்ணு கேக்குறேன். நாங்க எல்லாம் குடிச்சோம், எங்களுக்குத் தெரியல. இவளுக்கு மட்டும் ஒதட்டுல படுறதுக்கு முந்தியே தெரிஞ்சிருச்சு. எப்பிடித் தெரிஞ்சுது?"

என் கணவர், "நியாயமான கேள்வி" என்றார். அன்று மட்டும் நான் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் கேட்டது இவ்வளவுதான்: "குடிச்ச உங்களுக்குத் தெரியலையா?"

"நீ வீட்டுக்குப் போ" என்றார். நான் போகவில்லை. வாசலில் நின்றேன்.

மூப்பர் வேதப்புத்தகத்தின்மேல் கையை வைத்து, தாம் அந்தப் போத்தலைத் தொட்டதே இல்லை என்று சத்தியம் பண்ணினார். ஒரு தடுமாற்றம் இல்லை. கடையில் சாமான் விலை கேட்கிறவர் மாதிரி அவ்வளவு சுளுவாகச் செய்தார். ஜன்னலுக்கு வெளியே கூடியிருந்த ஆட்களில் ஒருவன், "முனியாண்டி கல்லுக்கு முன்னால கற்பூரத்த அணைச்சு இத சொல்லச் சொல்லுங்க பாப்போம்" என்றான். மூப்பரின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். மறு நொடியே சுதாரித்துக்கொண்டு, "நாம கிறிஸ்தவங்க. பேய்க்கு முன்னால சத்தியம் பண்ணுவோமா?" என்றார். போதகர் அந்த விசுவாசத்தை மெச்சினார். போதகரையும் தேவபயம் புகட்டக் கடலுக்கு அப்பாலிருந்துதான் அனுப்பியிருந்தார்கள்.

அவள் சொன்னது, "நான் எடுக்கலைங்க" என்பது மட்டும்தான்.

தீர்ப்பு இப்படி: போதகர் அடுத்த தடவை வரும்போது அவள் சபைக்கு முன்னால் நின்று தன் குற்றத்தை அறிக்கையிட வேண்டும். அறிக்கையிட்டால் மன்னிப்பு. இல்லாவிட்டால் அவளும் அவள் வீட்டாரும் சபைக்குப் புறம்பு. அவள் வீட்டார் என்றால் மகள்தான். அந்த மகளுக்குப் புளத்கொகுபிட்டியப் பக்கத்தில் இறப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிற ஒரு பையனை நிச்சயம் பண்ணி, கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலையும் வாசித்தாகிவிட்டது. போதகர் அடுத்த தடவை வரும்போது கல்யாணம் என்று ஏற்பாடு. காலையில் அவள் அறிக்கையிட்டால் அன்றைக்கே தாலி ஏறும். இல்லையென்றால் இல்லை.

இடையில் மூப்பரின் பெண்சாதி என் வீட்டுக்கு முருங்கைக்கீரை கொண்டுவந்தாள். பேச்சோடு பேச்சாக, சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அவருக்குக் குளிர்காய்ச்சல் வந்துச்சுங்கம்மா. சாராயம் குடிக்கக் கூடாதுன்னு உபதேசியாரையா சொல்லியிருக்காருன்னு கோயில் போத்தல எடுத்துக் குடிச்சாரு. மருந்துதானே. ஒரு வாய், ஒரு வாயின்னு முடிஞ்சிருச்சு. நான்தான் சாயத்தண்ணிய துணியில வடிகட்டி ஊத்துனேன். நெறம் சரியா வந்துச்சு இல்லீங்களா?" அவள் கள்ளமில்லாதவள். புருஷன் செய்ததில் தப்பு இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

கீரையை ஆய்வதற்கு முன்னாலேயே என் கணவரிடம் போய்ச் சொன்னேன். அவர் வேதப்புத்தகத்தை மூடி வைத்தார். பிறகு, "பொம்பளைங்க பேச்சு" என்றார்.

"பொம்பளைதான் வடிகட்டி ஊத்தியிருக்கா. அவளைக் கூப்பிட்டுக் கேளுங்க."

"மூப்பரைக் குத்தவாளின்னு சொன்னா சபை என்னாகும்னு யோசிச்சியா? அவர் ஆளுங்க ஒருத்தன் வருவானா? இத்தனை வருஷ ஊழியம்..."

"அப்ப நீங்க தேவனுக்குப் பயப்படல. கங்காணிக்குப் பயப்படுறீங்க."

அதற்கு அவர் சொன்ன பதிலை எழுத எனக்கு விருப்பமில்லை. நான் போதகருக்கும் ஆள் மூலம் சொல்லியனுப்பினேன். சபையின் சமாதானம் பெரிது, அறிக்கையிட்டால் அவளுக்கு ஒரு நஷ்டமும் வராது என்று பதில் வந்தது. படித்தவர்கள் எவ்வளவு அழகாகப் பயப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அறிக்கையை மனப்பாடம் பண்ணிவைக்க என் கணவர் அவளைச் சாயங்காலங்களில் வீட்டுக்கு வரச் சொன்னார். கொழுந்துக் கூடையோடு வந்து படியில் உட்காருவாள். மகளுக்காக ஒத்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் நல்லவர்கள், மகளும் அந்தப் பையனிடம் மனதை வைத்துவிட்டாள், என்ன செய்ய என்று என்னிடம் சொன்னாள். என் கணவர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லுவாள். தேவனுக்குப் பயப்படாமல் நான், என்பது வரைக்கும் சரியாக வரும். போத்தலில் இருந்ததை எடுத்துக் குடித்தேன், என்ற இடத்தில் நின்றுவிடும்.

"சொல்லு" என்பார் இவர்.

"ஐயா, இத யாருக்கு முன்னால சொல்லணுமுங்க?"

"சபைக்கு முன்னால."

"சாமியும் அங்க இருக்குமில்லீங்களா?"

என் கணவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இருப்பார்" என்றார். அவள் கேட்டது வாதத்துக்காக அல்ல. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். யோசித்துப் பதில் சொன்னாரே, அதற்காகவே அவர்மேல் எனக்கு அன்று வெறுப்பு வந்தது.

அந்த ஞாயிறு வந்தது. மாப்பிள்ளை வீட்டார் முந்தின நாளே பஸ்ஸும் வண்டியுமாக வந்து இறங்கியிருந்தார்கள். பையன் புது வேட்டியில் ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தான். மகள் கல்யாணச் சேலையோடு பெண்கள் பாயில். லயத்திலிருந்து இந்துச் சனங்களும் வந்து ஜன்னலண்டை நின்றார்கள். அவர்களுக்கு இதெல்லாம் ஒரு நாடகம். நாற்காலி காலியாக இருந்தது. துரை அன்று வரவில்லை. வரவேண்டிய அவசியமும் இல்லை.

பிரசங்கம் முடிந்ததும் போதகர் அவளை முன்னால் கூப்பிட்டார். வந்து நின்றாள். முந்தானையைத் தலைக்கு மேல் போட்டிருந்தாள். மூப்பர் முதல் வரிசையில் தடியைப் பிடித்துக்கொண்டு, சாவுவீட்டுக்கு வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

"தேவனுக்குப் பயப்படாம நான்..." என்று தொடங்கினாள்.

நின்றுவிட்டது. என் கணவர் பக்கத்திலிருந்து அடுத்த வார்த்தையை எடுத்துக்கொடுத்தார். அவள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மறுபடி எடுத்துக்கொடுத்தார். அவள் பலிபீடத்தைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். மூன்றாம் தடவையும் என் கணவர் வாயைத் திறந்தபோது அவள் பலிபீடத்துக்கு முன்னால் இருந்த கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஒரு மனுஷி பயப்படுகிறதை அதற்கு முன்னும் பின்னும் நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இது அந்த மாதிரி இல்லை. யாருடைய முகத்தையும் பார்த்து வந்த பயமில்லை அது.

பெண்கள் பாயிலிருந்து மகள் எழுந்தாள்.

"அம்மா, வேணாம். சொல்லாத. கல்யாணம் இல்லாட்டிப் போகுது. வா, போவோம்."

வந்து தாயின் கையைப் பிடித்தாள். இரண்டு பேரும் நடு வழியே நடந்து வெளியே போனார்கள். பையன் பாதி எழுந்தான். அவன் தகப்பன் தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தான்.

மூப்பர் தலையை ஆட்டிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பெருமூச்சு விட்டார். "பாத்தீங்களா ஐயா? இவ்வளவு சொல்லியும் தேவபயம் வரலையே" என்றார்.

போதகர் கீழே பார்த்தார். என் கணவர், "ஆமா" என்றார்.

நான் ஹார்மோனியத்தை மூடினேன். கீர்த்தனை பாட வேண்டிய நேரம். என் கணவர் கண்ணை உருட்டினார். எழுந்து அவர் முன்னாலேயே நடந்து வாசலைத் தாண்டினேன். உள்ளே துணையில்லாமல் ஆளுக்கொரு சுருதியில் பாடத் தொடங்கினார்கள்.

அவர்கள் அதிக தூரம் போகவில்லை. காணைத் தாண்டி, ரோட்டு வளைவில் நின்றிருந்தார்கள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. தாயிடம், நீ செய்ததுதான் சரி என்று சொல்ல நினைத்தேன். அவள் அதைக் கேட்கிற நிலையில் இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, ஆசீர்வாதம் சொல்றதுக்கு முந்தி எந்திரிச்சு வந்துட்டேனே. சாமி கோவிச்சுக்குமாங்கம்மா?"

"கோவிச்சுக்காது" என்றேன்.

"எதுக்கும் ஆசீர்வாதம் முடியட்டுமுங்க."

சொல்லிவிட்டுக் கோயில் பக்கமாகத் திரும்பினாள். முந்தானையைத் தலையில் சரிபண்ணிக்கொண்டு, ஈர ரோட்டில் முழங்கால் போட்டாள். உள்ளே பாட்டு முடிந்தது. போதகரின் குரல் கேட்டது. வார்த்தைகள் தெளிவாக விழவில்லை. அவள் தலையைக் குனிந்தபடி, அந்தக் குரல் நிற்கும்வரை அசையாமல் இருந்தாள். மகள் பக்கத்தில் குனிந்து, தாயின் காலில் ஏறிய அட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள்.